பிழை பிடிக்கும் கண்ணும் கோடு கீறும் மனமும்

ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்கிற பெறாமகளுக்கும், அவளோடு ஒரே மேசையில் நின்று உடுப்புச் சோதிக்கிற பிள்ளைகளுக்கும் பெரியம்மா எழுதுவது.

பிள்ளை, திங்கட்கிழமை தையல் விட்ட துண்டு ஒன்று உன் கையைத் தாண்டிப் போய்விட்டது என்று ஏச்சு வாங்கினாய். புதன்கிழமை நல்ல துண்டுகளையெல்லாம் ரிஜெக்ட் பெட்டிக்குள் போட்டு லைனை மினக்கெடுத்துகிறாய் என்று அதே ஆளிடம் ஏச்சு வாங்கினாய். “எனக்குக் கண் சரியில்லையோ, மூளை சரியில்லையோ, பெரியம்மா” என்று கேட்டாய். உன் கண்ணிலும் குறையில்லை, மூளையிலும் குறையில்லை. இரண்டு நாளிலும் உன்னிடம் கேட்கப்பட்டவை இரண்டு வெவ்வேறு விஷயங்கள். அதை உனக்குச் சொன்னவர் ஒருவரும் இல்லை.

நானும் ஒருவகையில் செக்கர்தான். நீ துணியைப் பார்க்கிறாய், நான் மண்ணைப் பார்த்தேன். பச்சிலைப்பள்ளியில், முகமாலைப் பக்கம், மிதிவெடி அகற்றுகிற வேலையில் என் முழங்கால் தேய்ந்தது. பிறகு மற்றவர்கள் துப்புரவாக்கிய நிலத்தை மீண்டும் சோதித்துப் பார்க்கிற வேலைக்கு என்னைப் போட்டார்கள். அந்த வேலைக்கான பயிற்சியில் ஒரு ஆசிரியர் கரும்பலகையில் நாலு பெட்டி கீறினார். அந்த நாலு பெட்டியும் அதற்குப் பிறகு என்னை விட்டுப் போகவில்லை. வேலைக்கு மட்டுமல்லாமல் வீட்டுக்கும் ஊருக்கும் அது உதவியது. அதைத்தான் உங்களுக்குச் சொல்லப்போகிறேன்.

மண்ணுக்குள் மிதிவெடி இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். நீ ‘இருக்கு’ என்று சொல்லலாம், ‘இல்லை’ என்றும் சொல்லலாம். இருப்பதை இருக்கு என்றால் பிடித்துவிட்டாய். இல்லாததை இல்லை என்றால் அதுவும் சரி. இருப்பதை இல்லை என்றால் தவறவிட்டாய். இல்லாததை இருக்கு என்றால் வீண் எச்சரிக்கை. உன் மேசையிலும் இதே நாலுதான். பிழையான துண்டைப் பிடிக்கிறாய் அல்லது தவறவிடுகிறாய். நல்ல துண்டைப் பாஸ் பண்ணுகிறாய் அல்லது வீணாய்த் தள்ளுகிறாய்.

நல்லதும் கெட்டதும் இரண்டு தனித்தனிக் குவியலாக மேசைக்கு வந்தால் உனக்கு வேலையே இல்லை. கை கிழிந்த சட்டையைக் குழந்தைகூட எடுத்துப் போடும். சிக்கல் நடுவிலே இருக்கிறது. நல்ல துண்டிலும் துணி ஒரு சாடை சுருங்கியிருக்கும். கெட்ட துண்டில் ஒரு தையல் மட்டும் தவறி, மடிப்புக்குள் ஒளிந்திருக்கும். பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தெரிகிற அந்த இடத்தில் நீ மனதுக்குள் ஒரு கோடு கீறுகிறாய். இந்தளவு சுருக்கம் என்றால் விடுவேன், இதற்கு மேலே என்றால் தள்ளுவேன் என்பதுதான் அந்தக் கோடு. கோட்டைக் கடுமையாக்கினால் பிழை தப்பாது, ஆனால் நல்ல துண்டுகள் கூடுதலாக ரிஜெக்ட் பெட்டிக்குள் விழும். இளக்கினால் நல்லது தப்பும், அதோடு சேர்ந்து கெட்டதும் தப்பும். அதே கண், அதே வெளிச்சம், அதே துணி என்றால் ஒன்றைக் குறைக்கும்போது மற்றது கூடத்தான் செய்யும். திங்கட்கிழமை ஏச்சு வாங்கிய பயத்தில் நீ கோட்டை நகர்த்தினாய். புதன்கிழமை ஏச்சு அதனால் வந்தது. அதற்குப் பிறகு கோட்டைத் திருப்பி நகர்த்தியிருப்பாய். அடுத்த திங்கட்கிழமை எதற்கு ஏச்சு விழும் என்று இப்போதே உனக்கு விளங்கும்.

இதற்குச் சமிக்ஞை கண்டறிதல் கோட்பாடு என்று பெயர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ரேடார் திரையின் முன்னால் இருந்தவர்களுக்கும் இதே பாடுதான். திரையில் தெரிகிற புள்ளி விமானமா, வெறும் இரைச்சலா? விமானத்தைத் தவறவிட்டால் குண்டு விழும். ஒவ்வொரு புள்ளிக்கும் சங்கு ஊதினால் ஊர் முழுக்க விடிய விடியப் பதுங்குகுழியில் கிடக்கும். அந்தக் கணக்கை அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டானர், ஸ்வெட்ஸ் என்ற இருவர் 1954இல் மனிதக் கண்ணுக்குப் பொருத்திக் காட்டினார்கள். 1966இல் கிரீனும் ஸ்வெட்ஸும் இதைப் பெரிய நூலாகவே எழுதினார்கள். மனிதக் கண்ணுக்கு அசையாத எல்லை ஒன்று உண்டு, அதற்குக் கீழே உள்ளது தெரியாது, மேலே உள்ளது தெரியும் என்றுதான் அதுவரை பலர் நம்பியிருந்தார்கள். இவர்கள் அதே ஆளை, அதே வெளிச்சத்தில் வைத்து, சரியாகச் சொன்னால் என்ன கிடைக்கும், பிழையாகச் சொன்னால் என்ன போகும் என்பதை மட்டும் மாற்றினார்கள். ஆளின் பதில் மாறியது. ‘இருக்கு’ என்று சொல்லுகிற வாய்க்குப் பின்னால் கண்ணும் இருக்கிறது, இலாப நட்டம் பார்க்கிற மனமும் இருக்கிறது. இரண்டையும் பிரித்து அளக்கலாம் என்பதுதான் அவர்கள் கண்டுபிடித்த பெரிய விஷயம்.

பிரித்து அளக்காவிட்டால் என்ன நடக்கும் என்று பார். நூறு துண்டில் பத்து பிழை என்று வைத்துக்கொள். ஒருத்தி அந்தப் பத்தில் எட்டைப் பிடிக்கிறாள், நல்லதில் இரண்டை வீணாய்த் தள்ளுகிறாள். இன்னொருத்தியும் எட்டைப் பிடிக்கிறாள், ஆனால் நல்லதில் முப்பதைத் தள்ளுகிறாள். பிழை பிடித்த கணக்கை மட்டும் பார்த்தால் இருவரும் சமம். உண்மையில் முதலாமவளுக்குக் கண் கூர்மை, இரண்டாமவள் பயத்தால் எட்டைப் பிடித்திருக்கிறாள். இனி ஆயிரம் துண்டில் ஐந்துதான் பிழை என்று வைத்துக்கொள். ஒன்றையும் பாராமல் எல்லாவற்றையும் பாஸ் பண்ணுகிறவள் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதரை வீதம் சரி! அப்படிப்பட்ட சதவீதத்தைச் சுவரில் எழுதி ஒட்டி ஆளுக்கு ஆள் போட்டி வைக்கிற இடத்தில் நல்ல செக்கர் உருவாக மாட்டாள். ஒருவர் பிழை பிடிக்கிறாரா என்று கேட்கும்போதே, வீணாய் எத்தனையைத் தள்ளினார் என்றும் கேட்க வேண்டும். ஆட்களை மதிப்பிடுகிற கதிரையில் நீ ஒருநாள் உட்காருவாய். அன்றைக்கு இந்த இரண்டாவது கேள்வியை விட்டுவிடாதே.

அப்ப கோட்டை எங்கே வைப்பது? பிழைபோனால் யாருக்கு என்ன நடக்கும் என்பதை வைத்துத்தான் அதைத் தீர்மானிக்க வேண்டும். ஏசுகிற ஆளின் முகத்தைப் பார்த்துத் தீர்மானிக்கக் கூடாது.

மண்ணில் எங்கள் கோடு எங்கே இருந்தது என்று சொல்கிறேன். போர்க் காலத்தில், 2000ஆம் ஆண்டு ஆனையிறவு இராணுவ முகாம் வீழ்ந்த பிறகு முகமாலை, கிளாலி, நாகர்கோவில் வழியே முன்னரங்கக் கோடு நின்றது. வருடக்கணக்காகப் போரிட்ட இரண்டு தரப்பும் ஆளுக்கு ஆள் மிதிவெடி புதைத்த நிலம் அது. பி-4, டைப் 72 என்று வெளிநாட்டில் செய்தவையும் கிடந்தன, இங்கேயே மரப்பெட்டியில் செய்த ஜொனியும் கிடந்தது. பிளாஸ்டிக் கூட்டுக்குள் இருந்த சிலவற்றில் இரும்பு என்று பார்த்தால் ஒரு சின்னச் சுருளும் முள்ளும் மட்டுமே. டிடெக்டருக்கு அது மெல்லிய முனகல். அதே மண்ணில் துப்பாக்கி ரவைக் கோது, ஷெல் சிதறல், முள்ளுக்கம்பி, தகரம், ஆணி. இவை எல்லாம் பலமாகக் கத்தும். கத்துவதைத் தோண்டி முனகுவதை விட்டால் ஆள் செத்தான். அதனால் சட்டம் ஒன்றுதான். எந்தச் சிக்னல் வந்தாலும் தோண்டு. முன்னர் நூறு முறை ஆணி வந்திருக்கலாம், இதுவும் ஆணிதான் என்று நினைக்க உனக்கு உரிமையில்லை.

ஒரு மீற்றர் அகலத்தில் பாதை. குறுக்கே சிவப்புத் தடி. தடிக்கு அந்தப் பக்கம் நீ கை வைக்காத நிலம், இந்தப் பக்கம் நீ முழங்கால் ஊன்றி இருக்கிற நிலம். டிடெக்டரை மெதுவாக ஆட்ட வேண்டும், ஒரு ஆட்டலும் அடுத்த ஆட்டலும் ஒன்றன்மேல் ஒன்று விழ வேண்டும். சத்தம் வந்தால் அந்த இடத்தைக் குறித்து, நேரே மேலாகக் குத்தாமல், பின்னுக்கு ஒரு சாண் தள்ளித் தோண்டத் தொடங்கிப் பக்கவாட்டில் கிட்டப் போக வேண்டும். முகக்கவசத்துக்குள் வியர்வை கண்ணுக்குள் வடியும், துடைக்க முடியாது. தோண்டித் தோண்டிப் போனால் துருப்பிடித்த ஆணி ஒன்று. அதை எடுத்து வாளிக்குள் போட்டுவிட்டு, அதே இடத்தை மீண்டும் டிடெக்டரால் பார்க்க வேண்டும். ஆணிக்குக் கீழே வேறொன்று கிடக்கலாம். இந்த ஆணிகளை வீண் வேலை என்று எங்களில் ஒருவரும் சொன்னதில்லை. கோட்டை அவ்வளவு கடுமையாக வைத்திருப்பதற்குக் கொடுக்கிற விலை அது. அங்கே அந்த விலை மலிவு.

மிதிவெடிக் கோட்டை உன் மேசைக்கு நீ கொண்டுவரக் கூடாது. உங்கள் தொழிலின் சட்டமே வேறு. 1201 துண்டிலிருந்து 3200 துண்டு வரை உள்ள ஒரு தொகுதியில், வழக்கமான 2.5 தர அளவின்படி, 125 துண்டை எடுத்துப் பார்க்கிறீர்கள். அதில் 7 பிழை வரை தொகுதி பாஸ், 8 என்றால் முழுத் தொகுதியும் திரும்பும். இப்படி மாதிரி எடுத்துப் பார்க்கிற முறை 1920களில் அமெரிக்காவின் பெல் தொலைபேசி ஆய்வுகூடத்தில் டொட்ஜ், ரோமிக் என்ற இருவர் போட்ட வழி. அவர்களும் இரண்டு பக்க நட்டத்தையும் எழுதித்தான் கணக்குப் போட்டார்கள். நல்ல தொகுதியைத் திருப்பியனுப்பினால் செய்தவனுக்கு நட்டம், கெட்ட தொகுதியை ஏற்றுக்கொண்டால் வாங்குகிறவனுக்கு நட்டம். நாங்களும் துப்புரவான நிலத்தில் ஒரு பகுதியைத் தெரிந்தெடுத்துத்தான் மறுபடி சோதித்தோம். ஆனால் எங்கள் கணக்கில் ஏழு கிடையாது. ஒன்று வந்தாலே அந்த நிலம் திரும்பத் தொடக்கத்திலிருந்து.

ஆனாலும் உன் தொழிற்சாலைக்குள்ளேயும் மிதிவெடிக் கோடு ஒன்று இருக்கிறது, கவனித்தாயா? ஊசி. மெஷினில் ஊசி முறிந்தால் முறிந்த துண்டு எல்லாவற்றையும் தேடிப் பொருத்தி, முழு ஊசியாகக் காட்டினால்தான் புது ஊசி தருவார்கள். ஒரு துண்டு குறைந்தாலும் சுற்றியிருக்கிற உடுப்பெல்லாம் தனியே ஒதுக்கப்படும். பெட்டி கட்டுமுன் உடுப்புகள் ஊசி பிடிக்கிற மெஷினுக்குள்ளால் போகின்றன. அந்த மெஷினையும் சிறு இரும்புக் குண்டு பதித்த அட்டையால் நேரத்துக்கு நேரம் சோதிக்கிறார்கள். நாங்களும் காலையில் சோதனைத் துண்டில் பிடித்துப் பார்க்காமல் டிடெக்டரைப் பாதைக்குள் கொண்டுபோக மாட்டோம். குழந்தையின் சட்டைக்குள் ஊசிமுனை போனால் என்ன ஆகும் என்று யோசித்த யாரோதான் அந்தக் கோட்டை அவ்வளவு கடுமையாக வைத்திருக்கிறார். நூல் முனை நீண்டிருப்பதற்கும் அதே கோட்டை வைத்தால் ஷிப்மென்ட் ஒருநாளும் போகாது. ஒரே மேசையில் இரண்டு கோடு வைத்திருப்பதில் ஒரு பிழையும் இல்லை. எதற்கு எந்தக் கோடு என்று தெரிந்திருந்தால் போதும்.

ஆகவே ஏச்சு விழும்போது அழாதே, கேள். “அண்ணை, இந்த ஓடருக்குச் சுருக்கம் எந்தளவு வரை பாஸ்? ஒரு மாதிரித் துண்டு எடுத்து மேசையில் கட்டித் தாருங்கோ” என்று கேள். கோட்டைக் கீறித் தருவது அவர்களின் பொறுப்பு. கீறாமல் ஏசுகிறவர் தன் வேலையை உன் தலையில் போடுகிறார். மரியாதையாய்க் கேட்டால் தருவார்கள். தராவிட்டால், கேட்டதைக் குறித்துவை.

கண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். கோட்டை எங்கே வைத்தாலும் நல்லதும் கெட்டதும் ஒன்றுபோலத் தெரிகிற வரைக்கும் யாரோ நட்டப்படத்தான் போகிறார்கள். இரண்டையும் வேறுவேறாகத் தெரியச் செய்தால்தான் இரண்டு பிழையும் ஒன்றாய்க் குறையும். கோபித்தாலோ கண்ணை உருட்டினாலோ அது நடக்காது, வேலை செய்கிற முறையை மாற்ற வேண்டும். இரும்புக் குப்பை நிறைந்த மண்ணில் டிடெக்டர் ஓயாமல் கத்துகிற இடங்கள் இருந்தன. அங்கே ஒவ்வொரு சத்தத்தையும் தனித்தனியே தோண்டினால் வருடம் முடியும். அதற்கு வாரி முறை வந்தது. பாரமான வாரியால் மண்ணை இளக்கி, மெல்லிய வாரியால் தன் பக்கம் இழுத்து, முழு மண்ணையும் ஒரு ஆழத்துக்குக் கண்ணால் பார்த்து நகர்வது. இலங்கையின் வடக்கு மணலில் வளர்ந்த முறை அது. காதால் பிரிக்க முடியாததைக் கண்ணால் பிரித்தோம். உன் மேசையில் அது என்ன? விளக்கு எந்தப் பக்கத்தில் இருந்து விழுகிறது என்று பார். துண்டை உள்ளுக்கு வெளியே பிரட்டிப் பார்க்கிற ஒழுங்கு ஒன்றை வைத்துக்கொள். கழுத்தில் தொடங்கினால் எப்போதும் கழுத்திலேயே தொடங்கு. கறுப்புத் துணியில் கறுப்பு நூலைப் பார்க்கிறாய் என்றால் வெள்ளை மேசை கேள். இதெல்லாம் சின்ன விஷயம் என்று நினைக்காதே.

இனி எனக்கு எப்போதும் பயமாக இருந்த விஷயத்துக்கு வருகிறேன். மிதிவெடி நிறைய வருகிற நாள் எங்களுக்கு ஆபத்தான நாள் அல்ல. அன்றைக்கு எல்லாரும் விழிப்பாக இருப்பார்கள், ஆளுக்கு ஆள் மூச்சுக்கூட மெதுவாக விடுவார்கள். ஒன்றுமே வராத கிழமைகள்தான் ஆபத்து. ஆணி, ஆணி, கோது, ஆணி. மூன்றாம் கிழமை கை தானாக வேகம் பிடிக்கும். ஒருவரும் சோம்பேறி ஆவதில்லை. ‘இங்கே ஒன்றும் இல்லை’ என்று மண்ணே சொல்லிச் சொல்லி மனதிலிருக்கிற கோட்டை நகர்த்திவிடுகிறது.

இதை உலகம் முழுக்கப் பார்த்திருக்கிறார்கள். 1948இல் நோர்மன் மக்வேர்த் என்ற பிரித்தானிய உளவியலாளர், போரில் ரேடார் பார்த்தவர்களின் களைப்பை விளங்கிக்கொள்வதற்காகச் செய்த சோதனையை வெளியிட்டார். மணிக்கூட்டு முள்ளுப்போல ஒன்று துள்ளித் துள்ளிப் போகும். இடைக்கிடை ஒருதரம் இரட்டைத் துள்ளல். அதைக் கண்டால் பொத்தானை அமத்த வேண்டும். அவ்வளவுதான். இரண்டு மணித்தியாலச் சோதனையில் முதல் அரை மணித்தியாலம் தாண்டியதுமே தவறவிடுவது கூடத் தொடங்கியது. பின்னாளில் ஆராய்ந்தவர்கள் பல வேளைகளில் அங்கே மங்கியது கண் அல்ல, நகர்ந்தது கோடுதான் என்று காட்டினார்கள். 2005இல் ஜெரமி வுல்ஃப் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளரும் அவருடைய குழுவும், விமான நிலையத்தில் பைகளைக் கதிர்ப்படத்தில் பார்க்கிற மாதிரியான ஒரு சோதனையைச் செய்தார்கள். தேடுகிற பொருள் இரண்டு பைக்கு ஒன்றாக இருந்தபோது நூற்றுக்கு 7 வீதத்தைத் தவறவிட்டார்கள். அதே பொருள் நூறு பைக்கு ஒன்றாக ஆனபோது 30 வீதத்தைத் தவறவிட்டார்கள். அரிதானது கண்ணுக்கு முன்னாலேயே தப்புகிறது.

நம்மூர் ஆய்வுகூடங்களிலும் இதே சங்கடம் இருக்கிறது. வன்னி என்றாலே மலேரியா என்று பயந்த காலத்தில் பிறந்தவள் நான். இலங்கையில் உள்நாட்டில் தொற்றிய கடைசி மலேரியா நோயாளர் 2012 ஒக்டோபரில் பதிவானார். 2016 செப்ரெம்பரில் உலக சுகாதார நிறுவனம் மலேரியா அற்ற நாடு என்று அறிவித்தது. எவ்வளவு பெரிய வெற்றி! ஆனால் வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களோடு நோய் திரும்பவும் வரலாம் என்பதால் மலேரியாத் தடை இயக்கம் இன்றும் இரத்தப் படலங்களைச் சோதிக்கிறது. நுணுக்குக்காட்டியில் கண் வைத்திருக்கிற அந்தப் பிள்ளைக்கு ஒட்டுண்ணி இல்லாத கண்ணாடித் துண்டுகள்தான் வரிசையாக வரும். அந்த வரிசைக்குள் எப்போதோ ஒன்று வரும்போது அதை அவள் விடக் கூடாது. தன் வேலை வெற்றி பெற்றதாலேயே அந்த வேலை கடினமாகிப்போன ஆள் அவள். உன் தொழிற்சாலையில் தையல் திருந்தத் திருந்த உன் வேலையும் அப்படித்தான் ஆகும்.

இதற்கு மருந்து உண்டா? கொஞ்சம் உண்டு. ஓய்வு முதலாவது. எங்கள் வேலையில் கை சரியாக இருந்தாலும் மணி அடித்தால் எழும்பி வெளியே வந்து தண்ணீர் குடிக்க வேண்டும். களைப்பில்லை என்று சொல்கிறவரையும் எழுப்பி அனுப்பினோம். களைத்தவருக்குத் தான் களைத்தது தெரியாது. இரண்டாவது, தெரிந்தே ஒளித்து வைப்பது. விமான நிலையங்களில் பை பார்க்கிறவரின் திரையில் இடைக்கிடை பொய்யான ஆயுதப் படம் ஒன்றைப் போடுகிறார்கள். பிடித்தால் உடனே சொல்கிறார்கள், விட்டாலும் சொல்கிறார்கள். உங்கள் மேற்பார்வையாளரும் அடையாளம் வைத்த பிழைத் துண்டுகள் சிலவற்றை லைனுக்குள் விடலாம். ஆளைப் பிடித்துத் தண்டிக்க என்றால் அது கெட்ட வழக்கம். கண்ணைப் பழக்க என்றால் அதைப்போல நல்ல பயிற்சி இல்லை. மூன்றாவது, நீ தள்ளியதும் விட்டதும் பிறகு என்ன ஆயிற்று என்று தெரிந்துகொள்வது. கொலின் டிறூரி என்ற பொறியியலாளர் 1970களில் கண்ணாடித் தொழிற்சாலை ஒன்றில் சோதனையாளர்களுக்கு அவர்களின் தீர்ப்புச் சரியா பிழையா என்று விரைவாகச் சொல்லிவரச் செய்தார். அவர்களின் கணிப்புக் கூர்மையானது. சாப்பாட்டு நேரத்தில் திருத்துகிற மேசைக்குப் போய், “நான் அனுப்பின துண்டில் எத்தனை உண்மையிலேயே பிழை?” என்று கேட்டு வா. பத்து நிமிடம்தான் போகும்.

வேலையைப் பற்றிச் சொல்லிவிட்டேன். ஆனால் இந்தக் கடிதத்தை எழுதத் தூண்டியது வேலை மட்டுமல்ல.

நாங்கள் பல வருடம் வானத்தைப் பார்த்து வாழ்ந்தோம். கிபிர் போர் விமானச் சத்தம்போல எது கேட்டாலும் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பங்கருக்குள் பாய்ந்தோம். பத்தில் ஒன்பது தரம் ஒன்றும் விழாது. அதற்காக ஒருவரும் வெட்கப்பட்டதில்லை, பாயாமல் நின்றவர்களில் சிலர் இன்று இல்லை. அந்தக் கோட்டை அங்கே வைத்தது சரி. போர் முடிந்த பிறகு வளர்ந்த நீங்கள் வற்றாப்பளை அம்மன் கோயில் வைகாசிப் பொங்கலுக்குப் போகும்போது, வெடிச் சத்தத்துக்குத் திடுக்கிட்டு நிலத்தில் குந்துகிற ஒரு மாமாவைக் கண்டிருப்பீர்கள். சிலர் சிரிப்பதையும் கண்டிருப்பீர்கள். சிரிக்காதீர்கள். அவர் பயந்தாங்கொள்ளி இல்லை. தவறவிட்டால் உயிர் போகும் என்ற காலத்தில் அவர் மனம் கீறிய கோடு அது. காலம் மாறியதும் கோடு தானாக அழிவதில்லை. கிட்டப் போய் அவர் தோளைப் பிடியுங்கள்.

ஆனால் அந்தக் கோட்டை மனிதர்கள்மேல் பாவிக்கக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். மண்ணுக்கு வீண் எச்சரிக்கை வலிக்காது. தோண்டிய குழியை மூடிவிட்டால் முடிந்தது. மனிதருக்கு அப்படி இல்லை. எங்கள் தெருவில் ஒரு கடையில் காசு குறைந்தபோது, தகப்பன் இல்லாத ஒரு பெடியனைச் சந்தேகப்பட்டு நாலு பேருக்கு முன்னால் சட்டைப்பையைத் தட்டிப் பார்த்தார்கள். காசு அடுத்த நாள் கணக்குக் கொப்பிக்குள்ளேயே கிடந்தது. “சும்மா கேட்டதுதானே” என்றார்கள். அந்தப் பெடியன் அதற்குப் பிறகு அந்தத் தெருவால் பள்ளிக்கூடம் போகவில்லை, சுற்றி வேறு பாதையால் போனான். களவு பிடிபடாமல் போனால் நட்டம் சில நூறு ரூபாய். வீணாய்ச் சந்தேகித்த நட்டம் ஒரு பிள்ளையின் முகம். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகும் கோட்டை அவ்வளவு கடுமையாக வைக்கிறவரை என்னால் மன்னிக்க முடியாது.

எங்கள் சனம் நிறையச் சந்தேகத்துக்குள்ளால் வந்த சனம். யார் யாருக்கு என்ன சொன்னார், யார் எந்தப் பக்கம் என்று பார்த்துப் பார்த்தே வாழ வேண்டியிருந்தது. அந்தப் பழக்கம் உங்கள் தலைமுறைக்கும் வந்துவிடுமோ என்று எனக்குக் கவலை. ஒரு பெட்டை வேலை முடிந்து பஸ் பிந்தி வந்தால் ஊர் என்ன கதைக்கிறது என்று உனக்குத் தெரியும். அந்தக் கதையைத் தொடக்குகிறவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி உன் மேசையில் கேட்கிற கேள்விதான். இதுவரை நீங்கள் வீணாய்ச் சொன்னது எத்தனை? அதை ஒருவரும் எண்ணுவதில்லை. சரியாய்ப் போன ஒன்றைத்தான் ஆயுள் முழுக்கச் சொல்லித் திரிவார்கள்.

உனக்கும் ஒன்று. உன் பிழைகளைத் தேடுகிற கோட்டையும் கொஞ்சம் இளக்கு. ஒரு துண்டு தவறினதும் எனக்குக் கண் இல்லை, மூளை இல்லை என்று தீர்ப்பெழுதினாயே, அது நல்ல துண்டைத் தூக்கி ரிஜெக்ட் பெட்டிக்குள் போட்ட வேலை. ஒரு துண்டை வைத்து ஆளைத் தீர்ப்பிடாதே. ஒரு மாதத்துக் கணக்கை எடு, நாலு பெட்டியையும் கீறு, பிறகு பேசுவோம்.

கடைசியாக, கோட்டைக் கொஞ்சமும் இளக்கக் கூடாத ஒரு இடத்தைச் சொல்லிவிட்டு நிறுத்துகிறேன். 2017 டிசம்பரில் இலங்கை மிதிவெடித் தடை உடன்படிக்கையில் சேர்ந்தது. அதன்படி நிலம் முழுவதும் துப்புரவாக வேண்டிய நாள் 2028 ஜூன் 1. நிறைய நிலம் துப்புரவாகி மக்கள் திரும்பிப் போய்விட்டார்கள், தோட்டம் செய்கிறார்கள். எனக்கு அதைப்போல மகிழ்ச்சி வேறில்லை. ஆனால் வேலை முடியவில்லை. மண்டையோடு போட்ட மிதிவெடி எச்சரிக்கைப் பலகையைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது தெரியாமல் போகிறது. விறகுக்குப் போகிறபோதும், பழைய இரும்பு பொறுக்குகிறபோதும், மாடு தேடிப் பற்றைக்குள் இறங்குகிறபோதும், சந்தேகமான பொருள் எதைக் கண்டாலும் தொடாதீர்கள், தட்டிப் பார்க்காதீர்கள், வந்த வழியே திரும்பி வந்து கிராம சேவகரிடமோ பொலிசிடமோ சொல்லுங்கள். அவர்கள் வந்து பார்க்கும்போது அது வெறும் பேணியாக இருக்கலாம். அதற்காக உங்களை ஒருவரும் ஏச மாட்டார்கள்.